பழைய கேமிங் கம்ப்யூட்டருக்குப் புது பிராசசரா? முதலில் மூடியைக் கழற்றிப் பாருங்கள்

போன மீன்பிடித் தடைக்காலத்தில் மண்டபம் ஊரிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் சிபியு பெட்டியை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் இருக்கும் என் கடைக்கு வந்தான். "அண்ணே, கேம் ஓட்டினா பத்து நிமிஷத்துல திக்க ஆரம்பிச்சிருது, ஐ7 ஒண்ணு போட்டு விடுங்க" என்றான். ஐ5, ஐ7 என்பது இன்டெல் பிராசசரின் ரகம், ஜென் என்பது அது எத்தனையாவது தலைமுறை என்பது. உள்ளே இருந்தது நான்காம் ஜென் ஐ5 4460 பிராசசர், எச்81 போர்டு (மதர்போர்டு), ஒற்றை 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. அப்பா விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில்தான் நிற்கும், அந்த நாட்களில் ஒரு வீட்டில் ஐ7-க்கு ஆகும் நாலாயிரம் ரூபாய் என்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். பிராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி சும்மா படிந்திருக்கவில்லை, ஈரம் பிடித்து இறுகி, பழைய கம்பளித் துண்டு மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. உப்புக்காற்றுக்கு இதுதான் குணம். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், ஈரம் தூசியைப் பிடித்து வைக்கும், அதற்கப்புறம் பிளோயர் வைத்து ஊதினாலும் போகாது. கேபினெட் ஸ்க்ரூ எல்லாம் துருவேறியிருந்தது, ராம் ஸ்லாட் ஓரத்தில் லேசாகப் பச்சைக் களிம்பு. கேமை ஓட விட்டுப் பார்த்தபோது சில நிமிடங்களிலேயே சூடு 98 டிகிரியைத் தொட்டது, உடனே பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்தது. பையன் திக்குகிறது என்றானே, அந்த இடம்தான் அது.

ஹீட்சிங்கைக் கழற்றி பிரஷ் போட்டுக் கழுவி நன்றாகக் காயவைத்து, பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும், கல்லாகக் காய்ந்திருந்த பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தேன். ராம் கால்களை ரப்பரால் தேய்த்துத் துடைத்தேன், இன்னொரு 8 ஜிபி பழைய டிடிஆர்3 ராமை அடுத்த ஸ்லாட்டில் போட்டேன். ஒற்றை ராமில் ஓடும் கம்ப்யூட்டரில் மெமரிக்குப் போகும் பாதை பாதி அகலம்தான். இரண்டு ஸ்லாட்டிலும் ராம் இருந்தால்தான் பிராசசருக்குத் தீனி ஒழுங்காகப் போகும். சூடு 70-க்கு வந்தது, திக்கலும் பெரும்பாலும் போய்விட்டது. ஐ7-க்கு வைத்திருந்த பணத்தில் முக்கால்வாசியை அவன் திரும்ப எடுத்துக்கொண்டு போனான்.

எல்லாருக்கும் இப்படியே முடியும் என்று சொல்லவில்லை. பிராசசர்தான் இடிக்கிறது என்ற நிலையும் நிறையவே உண்டு. ஆனால் அதைக் கண்டுபிடித்த பிறகு வாங்க வேண்டும், வாங்கிய பிறகு கண்டுபிடிக்கக் கூடாது.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கேமில் ஒவ்வொரு படத்துக்கும் யார் எங்கே நிற்கிறார்கள், எது எதில் மோதுகிறது என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது பிராசசர், அதை வரைவது கிராபிக்ஸ் கார்டு. கரையில் மீனை அள்ளிக் கொடுக்கிறவர் மெதுவாக இருந்தால், ஐஸ் போட்டுப் பெட்டியில் அடுக்குகிறவர் எவ்வளவு கைவேகக்காரராக இருந்தாலும் சும்மா நிற்க வேண்டியதுதான். அதனால் நீங்கள் ஆடும் கேமில் ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ், அதாவது ஒரு நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை, நன்றாக ஏறினால் இடிப்பது கிராபிக்ஸ் கார்டு, பிராசசரை மாற்றிப் பயனில்லை. கொஞ்சமும் அசையவில்லை என்றால், எஃப்பிஎஸ்ஸை ஏறவிடாமல் கட்டிப்போடும் எஃப்பிஎஸ் லிமிட்டும் விசிங்க்கும் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, பிராசசரைச் சந்தேகப்படலாம். டாஸ்க் மேனேஜரில் சிபியு 60 சதவீதம்தானே காட்டுகிறது என்று சிலர் கேட்பார்கள். அந்த 60 மொத்தக் கணக்கு, பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்களில் ஒன்று மட்டும் நூறில் முட்டிக்கொண்டு நிற்கலாம், கேம் அந்த ஒரு கோருக்காகக் காத்துக்கிடக்கும்.

சரி, பிராசசர்தான் என்று முடிவாகிவிட்டது. அடுத்து போர்டு எதை ஏற்கும் என்று பார்க்க வேண்டும், இங்கேதான் நம் பிள்ளைகள் அதிகம் பணத்தை விடுகிறார்கள். கீழக்கரையிலிருந்து ஒருவர் வந்தார், அவரிடம் ஆறாம் ஜென் ஐ5 6400, எச்110 போர்டு. சாக்கெட் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) 1151 என்று இணையத்தில் படித்துவிட்டு, அதே 1151 என்று போட்டிருந்த எட்டாம் ஜென் ஐ5 8400-ஐ மச்சானிடம் சொல்லி துபாயிலிருந்து வரவழைத்துவிட்டார். சாக்கெட்டில் கச்சிதமாக உட்காருகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. வரவே வராது. இன்டெல் 2017-ல் எட்டாம் ஜென்னைக் கொண்டுவந்தபோது சாக்கெட் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு பின்களின் வேலையை மாற்றிவிட்டது, அதற்கு 300 வரிசை போர்டு வேண்டும். எச்110-ல் ஆறும் ஏழும் மட்டும்தான் ஓடும், ஏழுக்கே பயாஸ் (போர்டை எழுப்பும் உள் மென்பொருள்) அப்டேட் தேவைப்படலாம். பிராசசரைத் திருப்பி அனுப்பவும் வழியில்லாமல் போனது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்த ஆற்றாமையில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சாக்கெட் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். போர்டின் முழு மாடல் பெயர் போர்டிலேயே அச்சடித்திருக்கும், அதை வைத்து தயாரித்த கம்பெனியின் தளத்தில் எந்தெந்த பிராசசர், எந்த பயாஸ் பதிப்பில் ஓடும் என்ற பட்டியலைப் பாருங்கள். அந்தப் பட்டியலில் இல்லாததை யார் சொன்னாலும் வாங்காதீர்கள்.

இன்டெல்லின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போர்டு வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 2017-ல் முதல் ரைசன் பிராசசரோடு வாங்கிய போர்டு பலவற்றில் பயாஸை ஏற்றிவிட்டு ரைசன் 5000 வரிசை வரை போடலாம். ரைசன் 3 1200, ரைசன் 5 1600 வைத்திருக்கிறவர் ரைசன் 5 5600-க்குப் போனால் அது நிஜமான தாவல், ஆறு கோர், 65 வாட், பழைய டிடிஆர்4 ராமே போதும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கும் நிலையில் இது சின்ன விஷயமில்லை. 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி பற்றிக் கேட்கிறார்கள். 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) இருப்பதால் கேமில் அவை பாய்வது உண்மைதான், ஆனால் ஜிடிஎக்ஸ் 1650 கார்டை வைத்துக்கொண்டு அதை வாங்காதீர்கள். அந்தப் பணத்தை 5600-க்கும் நல்ல கார்டுக்கும் பிரித்துப் போடுங்கள்.

இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். பயாஸ் அப்டேட்டைப் பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே முடித்துவிட வேண்டும், அதுவும் யுபிஎஸ் இல்லாமல் தொடவே கூடாது. பாதியில் கரண்ட் போனால் போர்டு செத்த மாதிரிதான், நம் ஊர் கரண்டை நம்பி அந்த ஐந்து நிமிடத்தைப் பணயம் வைக்காதீர்கள். அப்புறம் கூலரை, அதாவது ஹீட்சிங்கும் ஃபேனும் சேர்ந்ததை, கழற்றுவது. ஏஎம்4-ல் பின் எல்லாம் பிராசசரின் அடியில் இருக்கும், பேஸ்ட் காய்ந்திருந்தால் கூலரை மேலே இழுக்கும்போது பிராசசரும் ஒட்டிக்கொண்டு பிய்த்துக்கொண்டு வரும். பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, ஆஃப் செய்து, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி எடுங்கள். வளைந்த பின்னை ஊசி முனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தி மாலை முழுக்க உட்கார்ந்திருக்கிறேன், ஒரு பின் ஒடிந்தாலும் அந்தப் பிராசசர் பிழைப்பது சந்தேகம்தான். இன்டெல்லில் பின்கள் போர்டில் இருக்கும், அதனால் பழைய போர்டு வாங்குகிறவர்கள் செல்போன் டார்ச் அடித்து சாக்கெட்டைப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இன்டெல்லில் இரண்டாம், மூன்றாம் ஜென் வைத்திருப்பவர்கள் அதில் ஐ7 2600, ஐ7 3770 என்று தேடி அலைய வேண்டாம் என்பது என் கருத்து. ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு நான்காம் ஜென்னில்தான் வந்தது, அது இல்லாவிட்டால் திறக்கவே மறுக்கும் புதிய கேம்கள் சில இருக்கின்றன. நான்காம் ஜென் ஐ5-க்கு ஐ7 4790 போட்டால் பலன் உண்டு. ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசை (த்ரெட்) நான்கிலிருந்து எட்டாகும், எஃப்பிஎஸ் பெரிதாக ஏறாவிட்டாலும் நடுநடுவே வரும் திக்கல் குறையும். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதே வேலையை இன்டெல்லின் சர்வர் பிராசசரான ஜியான் இ3 1231 வி3 குறைந்த விலையில் செய்துவிடும், அதில் உள் டிஸ்ப்ளே கிடையாது என்பதையும் உங்கள் போர்டு பட்டியலில் அது இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது இன்டெல்லில் எட்டாம் ஜென், ஏஎம்டியில் ரைசன் 2000, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. குறுக்கு வழியில் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள், ஆனால் வாலரண்ட் என்ற ஆன்லைன் கேம் விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் வைத்து கம்ப்யூட்டரை எழுப்பும் பாதுகாப்பு) இரண்டும் இல்லாமல் உள்ளே விடாது. அந்த கேமுக்காகவே கம்ப்யூட்டர் வைத்திருக்கிற பையனுக்கு நான்காம் ஜென்னில் ஐ7 போட்டுக் கொடுப்பது நியாயமில்லை.

இன்னொன்றும் நம் கரைக்கு மட்டும் சொல்ல வேண்டும். 1914-லிருந்து நின்ற பாம்பன் பழைய ரயில் பாலத்தையே அரித்த காற்று இது, உங்கள் போர்டை விட்டுவைக்காது. களிம்பு ஏறிய, கெபாசிட்டர் தலை உப்பிய, பத்து வயதான போர்டில் நாலாயிரத்துக்குப் பிராசசர் போடுவது கடலில் கரைத்த பெருங்காயம். ஐ7 4790 84 வாட் கேட்கும், சாக்கெட்டுக்குப் பக்கத்தில் மின்சாரத்தைப் பதப்படுத்தும் மாஸ்ஃபெட்டுகளுக்குத் தகடு கூட இல்லாத சின்ன போர்டுகள் மே மாத வெயிலில் அதைத் தாங்காமல் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். கேபினெட்டோடு சேர்த்துக் கொடுத்த எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) மேல் 450 வாட் என்று எழுதியிருப்பதையும் நம்பிவிடாதீர்கள், அது போகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். போர்டு அந்த நிலையில் இருந்தால் ஒரு ரூபாயும் அதில் போடாமல் சேர்த்துவைத்து, பழையதானாலும் ஏஎம்4 செட்டுக்கோ பத்தாம் ஜென்னுக்கு மேல் உள்ள செட்டுக்கோ போய்விடுங்கள்.

பழைய பிராசசரை வாங்குவதாக இருந்தால், விற்கிறவரிடம் அது ஓடும்போது பிராசசரின் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளின் திரையையும் சூட்டையும் சேர்த்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். வாங்குவதற்கு முன்னால் உங்கள் போர்டையும் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கோ, உங்கள் பக்கத்தில் இருக்கும் நம்பிக்கையான மெக்கானிக்கிடமோ ஒரு நடை போய்க் காட்டிவிடுங்கள். பார்த்துச் சொல்வதற்கு நான் காசு வாங்குவதில்லை.