பந்தைப் பார்க்காமல் வாலிபால் பாருங்கள்

மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் அடித்த பந்து 8 மீட்டரைக் கடக்க 0.32 விநாடி போதும். அதைக் கண் கண்டு, கால் கிளம்பவே சுமார் 0.2 விநாடி ஆகிவிடும். மிச்சமிருக்கும் நேரத்தில் ஓடிப்போய் எடுக்க முடியாது. நல்ல லிபரோ (பின்வரிசையில் தடுப்பாட்டத்துக்கென்றே இருக்கும் வீரர்) அடி விழுவதற்கு முன்பே இடம் பிடித்திருப்பார். ஆட்டம் பார்த்துக் கற்க வேண்டியது இந்த முன்கணிப்பைத்தான்.

அதற்குப் பெண்கள் ஆட்டம்தான் தோது. ஆண்கள் ஆட்டத்தில் சர்வீஸோ முதல் ஸ்மாஷோ பல புள்ளிகளை முடித்துவிடும். பெண்கள் ஆட்டத்தில் பந்து அதிகம் எழும்பித் திரும்பி வருவதால், தடுப்பாட்டத்தைப் பார்க்க நிறையக் கிடைக்கும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில் அமெரிக்காவை 3-0 என வீழ்த்திய இத்தாலியின் லிபரோ மோனிகா தே ஜென்னாரோவை ஒரு செட் முழுக்கப் பாருங்கள். அதுவும் கால்களை மட்டும். இப்படிப்பட்டவர்கள் எதிரணியின் கை பந்தைத் தொடும் கணத்தில் ஓடிக்கொண்டிருக்க மாட்டார்கள். பாதங்கள் ஊன்றி, குதிகால் லேசாக எழும்பி, கைகள் கோக்காமல் விலகி இருக்கும். புதியவர்கள் அப்போதும் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், அல்லது கையை முன்கூட்டியே கோத்துக்கொள்வார்கள். இரண்டுமே பக்கவாட்டில் பாய விடாது.

அடுத்தது, வீடியோவை நிறுத்திப் பார்க்கும் பயிற்சி. செட்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) விரலில் பந்து படும்போது நிறுத்தி, பந்து எங்கே போகும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு ஓடவிட்டுச் சரிபாருங்கள். ஒரு தடவைக்கு 15, 20 பந்து போதும், அதற்குமேல் கவனம் நிற்காது. செட்டருக்கு வரும் முதல் பாஸ் வலையை விட்டு விலகிப் போயிருந்தால் செட்டருக்கு வழிகள் சுருங்கும்; பெரும்பாலும் உயரமான பந்து ஓரத்துக்குத்தான் போகும். இது பழகியதும், அடிப்பவர் கையைப் பின்னால் இழுத்த கட்டத்தில் நிறுத்துங்கள். ஓடிவந்த கோணமும் தோளின் திருப்பமும் நேரடியா குறுக்கடியா என்று காட்டிக்கொடுக்கும். மணிக்கட்டு கடைசி நேரத்தில் ஏமாற்றலாம், ஆகவே அதையே நம்பியிருக்க வேண்டாம்.

மெதுவாக ஓட்டிப் பார்த்தால் உடல் நிலை புரியும், தாளம் புரியாது. அதனால் அதே காட்சியை இயல்பு வேகத்திலும் பார்க்க வேண்டும். ஹைலைட்ஸ் தொகுப்பு இதற்கு உதவாது: வெற்றி அடிதான் இருக்கும், அதற்கு வழிவிட்ட பாஸ் வெட்டப்பட்டிருக்கும். பக்கவாட்டு கேமராவில் பிளாக்கின் (வலையருகே எழும்பிக் கையால் தடுப்பவர்களின்) இடைவெளி தெரியாது. கோர்ட்டின் பின்கோட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்த காட்சி கிடைத்தால் அதையே எடுங்கள்.