ஆக்சிஜனேற்றப் பளு: ஒரு சொல் விளக்கம்

நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களில் ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என்ற தொடர் அடிக்கடி வருகிறது. ஆங்கிலத்தில் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். வேலூரில் ஜிம்முக்குப் போகிற பிள்ளைகள் ஆங்கிலப் பெயரையே சொல்லிவிடுகிறார்கள். கோட்டையைச் சுற்றிக் காலையில் நடக்கிற பெரியவர்களுக்கோ ‘அழுத்தம்’ என்றதும் பிரஷர் மாத்திரைதான் நினைவுக்கு வருகிறது. விளையாட்டுப் பயிற்சியில் இருப்பவர்களுக்கு இது மிகவும் வேண்டிய சொல், அதனால் தமிழில் சரியாக அமைய வேண்டும்.

பொருள் இதுதான். நாம் இழுக்கும் ஆக்சிஜனில் சிறு பங்கு உடலுக்குள் வினைத்துடிப்பு மிகுந்த மூலக்கூறுகளாக மாறுகிறது. பாடநூல் இவற்றில் சிலவற்றைத் ‘தனி உறுப்பு’ (ஆங்கிலத்தில் ஃப்ரீ ராடிக்கல்) என்கிறது. இவை அருகில் இருக்கும் கொழுப்பு, புரதம், மரபுப்பொருள் எல்லாவற்றிலிருந்தும் எலக்ட்ரானைப் பிடுங்கும். இவற்றைத் தணிக்க உடலிலேயே நொதிகள் உண்டு, உணவிலிருந்து வரும் சத்துகளும் உண்டு. தணிக்கும் திறனைவிடப் பிடுங்கும் தரப்பு ஓங்கிவிடும் நிலைக்குத்தான் இந்தப் பெயர்.

முதல் பாதியைப் பார்ப்போம். ஆக்சிஜன் என்றால் கிரேக்கத்தில் ‘புளிப்பை உண்டாக்குவது’. எல்லா அமிலத்திலும் இந்த வாயு இருக்கிறது என்று நினைத்து, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் வைத்த பெயர். உப்பில் இருந்து எடுக்கும் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்று 1810 வாக்கில் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி காட்டினார். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தமிழில் பிராணவாயு என்றும் உயிர்வளி என்றும் சொல்கிறோம். இலங்கைத் தமிழில் ஒட்சிசன், ஒட்சியேற்றம்.

‘ஏற்றம்’ என்பதால் ஆக்சிஜன் வந்து சேர்ந்தால்தான் ஆக்சிஜனேற்றம் என்று எண்ண வேண்டாம். எலக்ட்ரானை இழப்பதே அதன் இலக்கணம். இதற்கு வட ஆற்காட்டுக்காரர்கள் தொலைவில் எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் பதனிடப் பயன்படுவது குரோமியம் மூன்று, அதாவது ஏற்கெனவே மூன்று எலக்ட்ரானை இழந்த குரோமியம். அது இன்னும் மூன்று எலக்ட்ரானை இழந்தால் குரோமியம் ஆறு, அதாவது நஞ்சு. தோலில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் அது இருந்தால் அந்தச் செருப்பை ஐரோப்பாவில் விற்க முடியாது. பதனிட்ட தோலில் ஏற்றிய எண்ணெய் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் கெடும்போது தனி உறுப்புகள் பிறக்கும், அவை குரோமியம் மூன்றை ஆறாக்கும். மரப்பட்டைத் துவர்ப்புச் சத்து சேர்த்த தோலில் இது குறைகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட ஊர்கள் இவை. அந்தத் துவர்ப்பு செய்வதும் தணிக்கும் வேலைதான்.

இரண்டாம் பாதியில்தான் சிக்கல். ஸ்ட்ரெஸ் என்பதன் வேர், இறுக்கிக் கட்டுதல் என்ற பொருளுடைய லத்தீன் சொல். அப்புறம் பொறியியலுக்குப் போனது. உலோகக் கம்பியை இழுக்கும்போது அதற்குள் ஓரலகுப் பரப்பில் எழும் விசைக்குத் தமிழ் இயற்பியல் நூல்கள் ‘தகைவு’ என்று அருமையான சொல்லை வைத்திருக்கின்றன. பலவகைத் தீங்குக்கும் உடல் ஒரே மாதிரி எதிர்வினை காட்டுகிறது என்று ஹான்ஸ் செலியே என்ற மருத்துவ ஆய்வாளர் 1936இல் எழுதினார். அந்தக் கருத்து பரவியபோது ஸ்ட்ரெஸ் மருத்துவச் சொல்லானது. 1985இல் ஹெல்முட் சீஸ் என்ற ஜெர்மன் உயிர்வேதியியலாளர் இந்த இரண்டு பாதிகளையும் சேர்த்துத் தலைப்பாக வைத்து ஒரு நூலைத் தொகுத்து, சமநிலை சாய்வது என்று வரையறை தந்தார்.

சொல்லுக்கு முன்பே செய்தி தெரிந்திருந்தது. 1978இல் சைக்கிள் மிதித்தவர்களின் மூச்சை ஆராய்ந்தபோது, கொழுப்பு சிதைந்தால் வெளிவரும் பென்டேன் வாயு கூடியிருந்தது. 1982இல் அமெரிக்காவின் பெர்க்லியில் எலிகளைக் களைத்து விழும்வரை ஓடவிட்டுப் பார்த்தார்கள். தசையிலும் கல்லீரலிலும் தனி உறுப்புகளின் அறிகுறி இரண்டு மூன்று மடங்கு உயர்ந்திருந்தது. உடற்பயிற்சியே உடலைக் கெடுக்கிறதா என்ற பயம் அதிலிருந்து வந்தது. வைட்டமின் மாத்திரை வியாபாரத்துக்கு அது நல்ல காலமாக அமைந்தது.

ஆனால் தனி உறுப்புகளின் அந்த உயர்வு ஒரு தகவலும்கூட. கொஞ்ச நேரம் உயர்ந்து தணியும்போது, ‘தணிக்கும் நொதிகளை இன்னும் கூட்டு’ என்று அது செல்லுக்குச் சொல்கிறது. தொடர்ந்து பயிற்சி செய்பவரின் தசையில் அந்த நொதிகள் பெருகுவதும், சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா கூடுவதும் ஓரளவு இதனால்தான். 2009இல் ஜெர்மனியில் இளைஞர்களுக்கு 4 வாரம் பயிற்சி தந்தார்கள். ஒரு பகுதியினருக்குத் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சியும், அதோடு வைட்டமின் ஈயும் கொடுத்தார்கள். மாத்திரை எடுக்காதவர்களுக்கு இன்சுலின் செயல்பாடு மேம்பட்டது, எடுத்தவர்களுக்கு மேம்படவில்லை. வயதானவர்கள் கதை வேறாக இருக்கும் என்று நினைக்கலாம். 2013இல் டென்மார்க்கில் 65 வயதையொட்டிய ஆண்களுக்கு 8 வாரப் பயிற்சியோடு, திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ராலைத் தினமும் 250 மில்லிகிராம் கொடுத்தபோது, பயிற்சியால் இதயத்துக்கும் ரத்தக்குழாய்க்கும் வரும் நன்மைகள் சில மங்கிப்போயின. அளவுக்கு மீறிய மாத்திரை அந்தத் தகவலை அழித்துவிடுகிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன். பழமும் கீரையும் கேழ்வரகுக் கூழும் வேறு கணக்கு. அவற்றைப் பயந்து விட வேண்டாம்.

வயது இதில் எங்கே வருகிறது? சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு பளுதூக்கும் கூடத்தில், உள்ளங்கையில் வெள்ளைத் தூளைத் தேய்த்துக்கொண்டே ஒரு பையன் கேட்டான்: “திங்கக்கிழமை தூக்கினது இன்னும் தொடையில பிடிச்சிருக்கா மாஸ்டர்?” மூத்தோர் போட்டிக்குத் தயாராகும் அந்த அறுபது தாண்டியவர் கம்பியிலிருந்து தட்டுகளைக் கழற்றியபடி சொன்னார்: “உனக்கு நேத்தோட போயிருக்கும் தம்பி. எனக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கும்.” தசைவலிக்கு ஆக்சிஜனேற்றம் மட்டும் காரணமில்லைதான். என்றாலும் படம் சரி. வயது ஏறும்போது ஆக்சிஜனேற்றத்தின் அடிப்படை அளவே கூடுதலாக இருக்கிறது, தணிக்கும் நொதிகளை எழுப்பும் வேகம் குறைகிறது, தேறிவர நாளாகிறது. ஆனால் எழுப்பும் திறன் போய்விடுவதில்லை. ஆண்டுக்கணக்கில் விடாமல் பயிற்சி செய்த மூத்த வீரர்களிடம், அசையாமல் இருந்த அதே வயதினரைவிடச் சேத அடையாளங்கள் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. இளைஞருக்கும் எல்லை உண்டு. ஓய்வில்லாமல், அதுவும் சித்திரை வெயிலில் வேலூர் மைதானத்தில் ஓடினால், இருபது வயது உடம்பும் திணறும்.

இப்போது சொல்லுக்கு வருவோம். அழுத்தம் என்ற ஒரே சொல் ரத்த அழுத்தம், மன அழுத்தம், காற்றழுத்தம் என்று ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. அது முழுக்கக் கெட்டது, இறக்கியே ஆக வேண்டும் என்ற எண்ணத்தையும் தருகிறது. தகைவு துல்லியமானது, ஆனால் இயற்பியல் வகுப்புக்கு வெளியே யாருக்கும் தெரியாது. நெருக்கடி என்றால் எப்போதும் ஆபத்து என்று ஆகிவிடும்.

என் தேர்வு ‘பளு’. வேலைப்பளு என்று எல்லோரும் சொல்கிறோம், அங்கே பளு என்பது ஸ்ட்ரெஸ்ஸுக்கு மிக அருகில் நிற்கிறது. பளுதூக்குதலுக்குப் பேர்போன வேலூரில் அதை விளக்கவே வேண்டாம். சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்டு கோஸ்டிலும் 77 கிலோ பிரிவில் காமன்வெல்த் தங்கம் வென்றபோது, எல்லோர் வாயிலும் இருந்த சொல் அது. ஒருவருக்குப் பயிற்சியாகிற பளு இன்னொருவருக்குக் காயமாகும். ஒரே பளு இருபது வயதிலும் அறுபது வயதிலும் ஒன்றல்ல. ஆய்வுகள் சொல்வதும் இதைத்தான்.

பளு என்பது வெளியிலிருந்து வருவது, ஸ்ட்ரெஸ் உள்ளே நடப்பது என்று மறுப்பு வரலாம். நியாயமான மறுப்பு. ஆனால் வேலைப்பளுவும் உள்ளே உணரப்படுவதுதான். சீஸ் பின்னாளில் நன்மை தரும் வகை, தீமை தரும் வகை என்று இரண்டாகப் பிரித்தார். அழுத்தத்தை வைத்துக்கொண்டு அவற்றுக்குப் பெயர் அமைப்பது கடினம். பளுவில் ‘தாங்கும் பளு’, ‘தாங்காப் பளு’ என்று சுலபமாக வந்துவிடுகிறது.

ஆன்டிஆக்சிடன்ட் என்பதற்கு ‘தடுப்பான்’, ‘எதிர்ப்பான்’ இரண்டும் வழக்கில் உள்ளன. ஆக்சிஜனேற்றத்தை அடியோடு தடுப்பது நோக்கமில்லை என்பதால் ‘ஆக்சிஜனேற்றத் தணிப்பான்’ என்றால் இன்னும் பொருந்தும். கட்டுரை எழுதுபவர்கள் முதல் முறை ‘ஆக்சிஜனேற்றப் பளு’ என்று முழுதாக எழுதி, ஆங்கிலத்தில் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அப்புறம் பளு என்றே தொடரலாம்.