இருவாச்சிக் கூட்டின் கதவை அடைப்பது யார்?

"ஆண் இருவாச்சி தன் துணையை மரப்பொந்துக்குள் விட்டு வாசலை மண்ணால் அடைத்துவிடுமாமே? வெளியே ஆண் செத்துப்போனால் உள்ளே இருப்பவையும் பட்டினியில் செத்துவிடும் என்கிறார்களே, நிஜமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். முதல் கேள்விக்கு நேரடியான பதில்: மலை இருவாச்சியில் வாசலை அடைப்பது ஆண் அல்ல, பெண்தான். அதுவும் உள்ளேயிருந்து.

பறவையை முதலில் பார்த்துவிடுவோம். அலகு நுனியிலிருந்து வால் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர், சிலவற்றில் அதற்கு மேலும். எடை இரண்டிலிருந்து நான்கு கிலோ. அலகின் மேல் இன்னொரு அலகு கவிழ்த்தாற்போல் ஒரு புடைப்பு. 'இருவாய்' என்ற பொருளில் பெயர் வந்ததே அதனால்தான். புடைப்பு பெரும்பாலும் உள்ளீடற்றது. ஆணா பெண்ணா என்று அறியக் கண்ணைப் பாருங்கள்: விழி சிவப்பாக இருந்தால் ஆண், வெள்ளையாக இருந்தால் பெண். அலகிலும் வெள்ளை இறகிலும் தெரியும் மஞ்சள், பறவை தானே பூசிக்கொள்வது. வாலடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியில் அலகைத் தேய்த்துத் தேய்த்து ஏற்றிக்கொண்ட நிறம் அது. பறக்கும்போது கேட்கும் பெரும் இரைச்சலுக்கும் காரணம் உண்டு. மற்றப் பறவைகளுக்குச் சிறகின் அடியில் இறகுகளின் இடைவெளியை மூடும் சிற்றிறகுகள் இருவாச்சிக்கு இல்லை. காற்று அந்த இடுக்குகளில் புகுந்து சீறுகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் கூடு கட்டும் காலம் ஏறக்குறைய டிசம்பர், ஜனவரியில் தொடங்கி மே வரை. பெண் பொந்துக்குள் நுழைந்ததும் பூச்சு வேலை ஆரம்பம். கலவை எது தெரியுமா? தன் எச்சம், அதில் கலந்த அத்தி விதைகள், பொந்தின் தரையில் கிடக்கும் மக்கிய மரத்தூள், மிச்சமான பழக்கூழ். கொத்தனார் கரணையின் தட்டையான பக்கத்தால் சாந்தைத் தட்டுவதுபோல, அலகின் பக்கவாட்டால் இடமும் வலமும் படபடவென்று அடித்து வாசலின் விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பூசிக்கொண்டே வரும். காய்ந்தால் மரப்பட்டையோடு பட்டையாக இறுகிவிடும். சில நாட்களில் மிஞ்சுவது அலகு நுனி நுழையும் அளவுக்கு ஒரு செங்குத்துப் பிளவு மட்டும். அகலம் குறைவு என்பதால் பகைவர் நுழைய முடியாது. நீளவாக்கில் இருப்பதால் சூடான காற்று மேல்பக்கமாக வெளியேற, குளிர்ந்த காற்று கீழ்ப்பக்கமாக உள்ளே வரும். உணவும் காற்றோட்டமும் கழிவும் இந்த ஒரே பிளவு வழியாகத்தான். பெண் திரும்பி நின்று எச்சத்தை வெளியே பீய்ச்சிவிடும். காட்டில் பழகியவர்கள் மரத்தடியில் குவிந்த விதைகளையும் முளைத்த நாற்றுகளையும் பார்த்தே மேலே கூடு இருப்பதைச் சொல்லிவிடுவார்கள்.

ஆண் தொண்டையில் அத்திப்பழங்களை நிரப்பிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகக் கக்கியெடுத்துப் பிளவு வழியே ஊட்டும். நடுநடுவே காட்டு ஜாதிக்காய், ஓணான், எலி. தண்ணீர் தேவை பெரிதும் பழத்திலேயே தீர்ந்துவிடுகிறது. மழைநீரை மட்டும் வாய் திறந்து குடிக்கும் பறவை என்று கேரளத்தில் வழங்கும் கதைக்கு இங்கே இடமில்லை. முட்டை ஒன்று அல்லது இரண்டு, அடைகாப்பு 40 நாள் அளவு, பெரும்பாலும் தேறுவது ஒரே குஞ்சு. இந்த மாதங்களில் பெண் சிறகு, வால் இறகுகளை உதிர்த்துப் புதிதாக முளைக்க வைத்துக்கொள்கிறது.

இரண்டாவது கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. சுவரை எழுப்பிய அலகாலேயே பெண் அதை உடைக்க முடியும். தொடக்கத்தில் தொந்தரவு வந்தால் உடைத்துக்கொண்டு போய்க் கூட்டையே கைவிடுவதும் உண்டு. ஆனால் இறகு உதிர்த்த வாரங்களில் ஆண் இறந்தால் சுவரை உடைத்தும் பயனில்லை, சரியாகப் பறக்க முடியாது. குஞ்சைக் காப்பாற்றுவது அதைவிடக் கடினம். வேட்டைக்காரர் ஆண் ஒன்றைச் சுட்டால் பெரும்பாலும் ஒரு குடும்பமே போகிறது என்பது இதனால்தான். இருவாச்சிக் கொழுப்பு மூட்டுவலிக்கு மருந்து என்ற நம்பிக்கையால் இப்படிப் பறவைகள் கொல்லப்பட்டது வெட்கக்கேடு.

குஞ்சு பறக்கத் தயாராகுமுன்பே பெண் சுவரை உடைத்து வெளியேறும். அப்போது குஞ்சு, யாரும் கற்றுத்தராமல், உள்ளேயிருந்து வாசலை மறுபடி பூசிக்கொள்கிறது!

சுவர் எளிதான பகுதி. அரிதானது பொந்து. இவ்வளவு பெரிய அலகு இருந்தும் இருவாச்சியால் மரத்தைக் குடைய முடியாது. பழைய பெருமரத்தில் கிளை முறிந்து, காயத்தில் பூஞ்சை ஏறி, பல பத்தாண்டுகளில் உள்மரம் மக்கினால்தான் கிலோக்கணக்கில் எடையுள்ள பறவை திரும்பி நிற்கும் இடம் கிடைக்கும். கிடைத்த பொந்துக்கே ஆண்டுதோறும் திரும்பி வரும். அந்தப் பொந்தும் கெடும். மக்குதல் தொடர்ந்து தரை இறங்கிவிட்டால் பெண்ணுக்கு வாசல் எட்டாது. பட்டை வளர்ந்து வாசல் குறுகும். தேனீயோ உடும்போ குடியேறும். தாய்லாந்தின் காவ் யாய் காடுகளில் 1978 முதல் இருவாச்சிகளை ஆராய்ந்த பிலாய் பூன்ஸ்வாத் குழுவினர், இறங்கிய தரையை மண்ணிட்டு உயர்த்தியும் குறுகிய வாசலை அகலப்படுத்தியும் கூடுகளை மீட்டிருக்கிறார்கள்.

வால்பாறைபோல் தேயிலைக்கு நடுவே துண்டுதுண்டாக மழைக்காடு எஞ்சிய இடங்களில் முதலில் வெட்டுப்படுவது 'உளுத்த மரம்' என்று ஒதுக்கப்படும் அந்தக் கிழட்டு மரந்தான். அத்தி மரத்துக்குப் பலகை மதிப்பில்லை என்று அதையும் வெட்டினால் உணவும் போச்சு. 2018இல் இப்பறவை அழியும் வாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டது.

ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் இருவாச்சிகளுக்கென ஒரு சிறப்பு மையம் அமைப்பதாகத் தமிழக அரசு 2025இல் அறிவித்தது நல்ல செய்தி. கட்டடத்துக்குச் செலவிடுவதைவிட, கூடுகளை ஆண்டுதோறும் கவனிக்கும் ஆட்களுக்கு நிலையான சம்பளம் கிடைப்பதே முக்கியம் என்பது என் கருத்து. ஓராண்டு ஆய்வுத் திட்டம் ஒரு பருவத்தைத்தான் காட்டும்; பொந்து கெடுவதைப் பிடிக்கப் பத்துப் பருவமாவது வேண்டும். கேரளத்தின் வாழச்சால் காட்டில், முன்பு குஞ்சுகளை எடுத்த காடர் பழங்குடி மக்களே இப்போது கூடுகளுக்குக் காவல். அவர்கள் கண்ணுக்கு ஈடான கருவி இல்லை.

பருவத்தில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று. தொண்டை புடைத்த ஆண் பறவை பக்கத்து மரத்திலேயே உட்கார்ந்துகொண்டு கூட்டுக்கு வராமல் இருந்தால், நீங்கள் மிக அருகில் நிற்கிறீர்கள். கேமராவை மடக்கிவிட்டு, கூட்டு மரம் கண்ணில் படாத தூரத்துக்குத் திரும்பிவிடுங்கள்.