அயலுறை உரிமையாளர்

இங்கிலாந்துக் கால்பந்துச் செய்திகளில் 'ஆப்சென்டீ ஓனர்' என்ற தொடர் அடிக்கடி அடிபடும். கிளப்பை விலைக்கு வாங்கிவிட்டு, மைதானத்தின் பக்கமே வராமல் தூரத்திலிருந்து நடத்தும் முதலாளியைக் குறிப்பது. தமிழில் இதை 'வெளிநாட்டு உரிமையாளர்' என்று எழுதுவது பொருந்தாது.

'ஆப்சென்ட்' பள்ளி வருகைப் பதிவேட்டால் நமக்குப் பழகிய சொல். விலகியிருத்தல் என்னும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. அதில் பிறந்த 'ஆப்சென்டீ'க்குக் கசப்பேற்றியது அயர்லாந்து. நிலம் அங்கே இருக்க, நிலக்கிழார் லண்டனில் இருந்துகொண்டு குத்தகைப் பணத்தை வரவழைத்துச் செலவழிப்பார். 1729இல் தாமஸ் பிரையர் இப்படிப்பட்டவர்களின் பட்டியலையே டப்ளினில் அச்சிட்டார். குடியானவரின் கண்முன் நின்றவர் காரியஸ்தர் மட்டுமே. 1880இல் மேயோ பகுதியில் ஏர்ன் பிரபுவின் காரியஸ்தரான கேப்டன் பாய்காட்டை ஊரே ஒதுக்கிவைத்தது. புறக்கணிப்பைக் குறிக்கும் 'பாய்காட்' என்ற சொல் அவர் பெயரிலிருந்து வந்ததுதான்.

முதலாளி கைக்கெட்டாதபோது கோபம் காரியஸ்தர்மேல் பாய்வதைப் பிளாக்பர்ன் ரோவர்ஸிலும் காணலாம். 1995இல் இங்கிலாந்தின் முதல் அடுக்குப் போட்டியான பிரீமியர் லீக் கோப்பையை வென்ற அந்தக் கிளப்பை, 2010 நவம்பரில் புனேயைச் சேர்ந்த கோழிப்பண்ணை நிறுவனமான வெங்கீஸ் வாங்கியது. அடுத்த மாதமே மேலாளர் சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டு ஸ்டீவ் கீன் வந்தார். ரசிகர்களின் கூச்சலையும் பதாகைகளையும் வாரந்தோறும் மைதானத்தில் எதிர்கொண்டவர் அவர்தான். 2012இல் அணி பிரீமியர் லீக்கிலிருந்து இரண்டாம் அடுக்குக்கு இறக்கப்பட்டது. 2017இல் மூன்றாம் அடுக்குக்கே இறங்கியது. வெங்கீஸ் பணம் போடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, ஏராளமாகப் போட்டிருக்கிறது. நம் கிளப்பை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை என்பதே அந்த ஊரின் மனக்குறை. அந்தக் குறை நியாயமானது.

மான்செஸ்டர் யுனைடெட்டின் கதை இன்னும் கடுமை. 2005இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் கிளப்பை வாங்கியபோது, வாங்குவதற்கு எடுத்த கடனில் பெரும்பகுதி கிளப்பின் தலையிலேயே விழுந்தது. 2021 மே 2 அன்று அக்குடும்பத்தை எதிர்த்து ரசிகர்கள் கிளப்பின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டுக்குள் புகுந்ததில் லிவர்பூலுடனான ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

ஆனால் அயல்நாட்டவர் என்பதே குற்றமாகிவிடாது. லெஸ்டர் சிட்டியை வைத்திருந்த விச்சை ஸ்ரீவத்தனபிரபா தாய்லாந்துக்காரர். ஆட்டங்களுக்கு நேரில் வருவார். 2016இல் அணி பிரீமியர் லீக் கோப்பையை வென்றது. 2018 அக்டோபரில், ஆட்டம் முடிந்து புறப்பட்ட ஹெலிகாப்டர் மைதானத்தருகே விழுந்து அவர் இறந்தபோது ஊரே அழுதது.

ஆகவே தமிழ்ச்சொல் நாட்டைச் சுட்டக் கூடாது, இல்லாமையைச் சுட்ட வேண்டும். 'வராத முதலாளி' பேச்சுக்குப் போதும். எழுத்துக்கு 'அயலுறை உரிமையாளர்' என்பேன்: உடைமை ஓரிடம், உறைவிடம் வேறிடம். நிலக்கிழாருக்கும் இதே அடை பொருந்தும்.

எல்லா வெறுப்புக்கும் இந்தச் சொல்லைப் போடக் கூடாது. கார்டிஃப் சிட்டியின் நீலச் சட்டையை 2012இல் சிவப்பாக்கி, ரசிகர்களின் எதிர்ப்பால் 2015இல் மீண்டும் நீலத்துக்குத் திரும்பிய மலேசியரான வின்சென்ட் டான் ஆட்டங்களுக்கு வந்தவர். அவர்மீது ரசிகர்கள் கொண்ட கோபம் வேறு வகை.