கருதுகோள், கோட்பாடு, விதி: ஒரே ஏணியின் படிகள் அல்ல

மட்டக்களப்பு நகரில் உயர்தர வகுப்பு விளம்பரங்கள் ஒட்டிய மதில் ஏதாவது ஒன்றைப் பாருங்கள். தியறி, ரிவிஷன், பேப்பர் என்ற மூன்று சொற்களும் தவறாமல் இருக்கும். அங்கே தியறி என்றால் வினாத்தாளில் கை வைக்கும் முன் எழுதி முடிக்க வேண்டிய பாடக்குறிப்பு. தேநீர்க் கடையிலோ அதற்கு வேறு பொருள். தேர்தலில் இன்னார் ஏன் தோற்றார் என்பதற்கு ஒருவர் ‘என்னுடைய தியறி என்னவென்றால்’ என்று தொடங்கினால், அது அவருடைய ஊகம், அவ்வளவுதான். விஞ்ஞானம் இந்தச் சொல்லால் குறிப்பது இவை இரண்டையும் அல்ல. ஆனாலும் கூர்ப்பை, அதாவது பரிணாமத்தை, பற்றிப் பேச்சு வந்தால், ‘அது வெறும் தியறிதானே, இன்னும் விதியாகவில்லையே’ என்று பட்டம் பெற்றவர்கள்கூடக் கூசாமல் சொல்கிறார்கள்.

இந்த வாதத்துக்குள் ஓர் ஏணி ஒளிந்திருக்கிறது. கீழ்ப்படியில் கருதுகோள், நடுவில் கோட்பாடு, உச்சியில் விதி. சான்றுகள் சேரச் சேர ஒன்று மற்றொன்றாகப் பதவி உயர்வு பெறும் என்பது நினைப்பு. அப்படி ஓர் ஏணி விஞ்ஞானத்தில் இல்லை. கருதுகோள் என்பது சோதனைக்கு வைக்கும் விடை. விதி, என்ன நடக்கும் என்பதைச் சொல்லும். கோட்பாடு, ஏன் அப்படி நடக்கிறது என்பதைச் சொல்லும். எவ்வளவு சான்று சேர்ந்தாலும் ‘ஏன்’ என்பதற்கான விடை ‘என்ன’ என்பதற்கான விடையாக மாறிவிடாது.

தமிழில் கருதுகோள், கோட்பாடு, கொள்கை ஆகிய மூன்றுக்கும் தாய் ஒன்றே: ‘கொள்’ என்னும் வினையடி. கெடு கேடானது போல, பெறு பேறானது போல, கொள் முதல் நீண்டு கோள் ஆயிற்று. கருதிக் கொள்வது கருதுகோள். கோளோடு ‘பாடு’ சேரக் கோட்பாடு. கொள் என்பதோடு ‘கை’ விகுதி சேரக் கொள்கை. (வானத்துக் கோளும் இந்த வீட்டுப் பிள்ளைதான். வடமொழிக் கிரகம் என்பதற்கும் பற்றிக் கொள்வது என்றே பொருள்.) ஒரே வயிற்றில் பிறந்ததால் இவை ஒன்றுக்கொன்று எளிதில் மயங்குகின்றன.

முதலில் கருதுகோள். இதன் கிரேக்க மூலமான ‘ஹைப்போதிசிஸ்’ என்பதற்கு ‘அடியில் வைத்தது’ என்று பொருள். மேலே எழுப்பப் போவதற்கு அடியில் வைக்கும் கல் என்று கொள்ளலாம். ஊகம் எல்லாம் கருதுகோள் ஆகிவிடாது; பொய்யென்று நிரூபிக்க இடம் கொடுக்கும் ஊகமே கருதுகோள். எங்கள் வாவியின் பாடும் மீனையே எடுத்துக்கொள்வோம். நிலவு காயும் இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் மெல்லிய இசை கேட்கும் என்பது நெடுங்காலப் பேச்சு. 1848இல் மட்டக்களப்புக்கு வந்த குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் அதைத் தாமே கேட்டதாக எழுதினார். நனைந்த விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் ஒலி போன்றது என்பது அவர் தந்த வருணனை. அதை எழுப்புவது ‘ஊரி’ என்ற நத்தையினம் என்று இங்குள்ள தோணிக்காரர்கள் அவருக்குச் சொன்னார்கள். மீன் என்கிறது ‘மீன்பாடும் தேனாடு’ என்ற ஊரின் பட்டப்பெயர். கற்களின் இடுக்கில் ஓடும் நீர் என்பாரும் உண்டு.

இம்மூன்றும் கருதுகோள்களாக இருக்கத் தகுதியுள்ளவை. காரணம், ஒவ்வொன்றும் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஊரிதான் பாடுகிறது என்றால் அதைப் பிடித்துத் தொட்டியில் விட்டு, நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கினால் ஒலி கேட்க வேண்டும். நீரோட்டம்தான் என்றால் ஓட்டம் நின்றதும் ஒலியும் நிற்க வேண்டும். ‘மனம் தூயவர் காதில் மட்டும் விழும்’ என்று ஒருவர் சொன்னால், கேட்காதவனின் மனத்தைக் குறை சொல்லித் தப்பிவிடலாம். அதைப் பொய்யாக்க வழியே இல்லை. ஆகவே அது கருதுகோளும் இல்லை.

விதி வடமொழிச் சொல். ‘தா’ என்னும் அடிக்கு வைத்தல் என்று பொருள். ‘வி’ முன்னொட்டுச் சேர்ந்து ‘வகுத்து வைத்தது’ ஆயிற்று. ஹைப்போதிசிஸ் என்ற சொல்லின் பின்பாதியும் இதே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்ததுதான். ஆக, ஏணியின் அடியிலும் உச்சியிலும் நாம் நிறுத்தும் இரண்டு சொற்களும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்! தமிழில் இந்தச் சொல்மேல் இன்னொரு சுமையும் ஏறியிருக்கிறது. தலைவிதி, விதி வலியது என்று பழகிய காதுக்கு விதி என்றால் மாற்ற முடியாதது, கேள்விக்கு அப்பாற்பட்டது. விஞ்ஞான விதிக்கு அந்தத் திமிர் கிடையாது. மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் மின்னோட்டம் கூடும் என்பது ஓமின் விதி. உலோகக் கம்பியில் அழகாக வேலை செய்யும் அது இருவாயியில் (டயோட்டில்) கைவிரித்துவிடும். எந்த எல்லைக்குள் செல்லுபடியாகும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுமையான விதி.

போயிலின் விதியைக் கையிலேயே உணரலாம். ஊசி கழற்றிய சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்து முசலத்தை (பிஸ்டனை) அழுத்துங்கள். கனவளவு பாதியாகும்போது அமுக்கம் இரட்டிக்கிறது. விரல் நுனி அதைச் சொல்லும். வெப்பநிலை மாறாதிருந்தால் இரண்டின் பெருக்கமும் மாறாது என்று போயில் 1662இல் வெளியிட்டார். ஏன் மாறாது? வாயு மூலக்கூறுகள் ஓயாமல் ஓடிச் சுவரில் மோதுவதே அமுக்கம், இடம் சுருங்கினால் மோதல் பெருகும் என்ற விளக்கம் முழு உருப்பெற 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த விளக்கம்தான் மூலக்கூற்று இயக்கக் கோட்பாடு. இங்கே விதி முந்திப் பிறந்தது, கோட்பாடு பிந்தியது. ஈர்ப்பிலும் அப்படியே. நியூற்றன் 1687இல் விதியைத் தந்தார். காரணம் கேட்டபோது, தாம் கருதுகோள் புனைவதில்லை என்று 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுதிவிட்டு ஒதுங்கினார். 1915இல் ஐன்ஸ்டைன் தந்த பொதுச் சார்புக் கோட்பாடு, நியூற்றனின் விதி தடுமாறிய புதனின் பாதையையும் விளக்கியது.

கோட்பாட்டின் அருமை கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்குத் தனியே சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் கல்முனையிலும் மருதமுனையிலும் கடல் ஏறியது. இத்தகைய நீண்ட அலையின் வேகம் நீரின் ஆழத்தோடு எப்படி மாறும் என்பதற்கு ஒரு விதி உண்டு. ஈர்ப்பு ஆர்முடுகலை (முடுக்கத்தை) ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும். 4,000 மீற்றர் ஆழத்தில் மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர் வரும். ஆனால் கடலடி ஏன் அங்கே பிளந்தது என்று அந்த விதியைக் கேட்டுப் பயனில்லை. அதற்குப் புவித்தட்டுக் கோட்பாடு வேண்டும்: இந்தியத் தட்டு அங்கே பக்கத்துத் தட்டின் கீழ் அமிழ்கிறது, பூட்டிக்கிடந்த விளிம்பு திடீரென்று விடுபட்டது.

இந்தக் கோட்பாட்டின் விதையாக இருந்த கண்ட நகர்வு, 1912இல் ஜேர்மானிய விஞ்ஞானி வேகனர் முன்வைத்தபோது கருதுகோள்தான். கண்டங்களை எந்த விசை தள்ளுகிறது என்று அவரால் காட்ட முடியவில்லை. கேலியைச் சுமந்தபடியே 1930இல் கிறீன்லாந்துப் பனியில் இறந்தார். கடலடிப் பாறைகளில் பதிந்திருந்த காந்தத் தடங்கள் 1960களில் அவர் பக்கம் சாட்சி சொல்லின. அந்தக் கருதுகோள் கோட்பாட்டுக்குள் சேர்ந்துகொண்டது. கோட்பாடு இன்றும் கோட்பாடாகவே இருக்கிறது. நாளை விதியாகப் போவதில்லை.

இனி எந்தத் தமிழ்ச் சொல் சரி என்ற பேச்சு. இலங்கைப் பாடநூல் மரபில் கலக்கொள்கை, அணுக்கொள்கை, கூர்ப்புக் கொள்கை என்று எல்லாமே கொள்கை, தமிழ்நாட்டில் கோட்பாடு. நம் கலைச்சொற்களை எளிதில் விட்டுக்கொடுக்கிறவன் அல்லன் நான். முசலமும் ஆர்முடுகலும் இருக்கட்டும், கூர்ப்பும் இருக்கட்டும். ஆனால் இந்த இடத்தில் என் வாக்கு கோட்பாட்டுக்கே. கட்சிக்கும் கொள்கை, அரசுக்கும் கொள்கை, டார்வினுக்கும் கொள்கை என்றால், கூர்ப்பு அவர் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு நிலைப்பாடு என்றுதான் மாணவன் எண்ணுவான். விரும்பினால் ஏற்கலாம், வேண்டாவிட்டால் விடலாம் என்ற தொனி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. காரைதீவில் 1892இல் பிறந்து, விஞ்ஞானம் படித்து, 1930களில் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகளின் மண் இது. ஒரு சொல்லை மாற்றிக்கொள்ள நாம் அஞ்ச வேண்டியதில்லை.

சித்தாந்தம் என்பாரும் உண்டு. அது சைவத்தோடு ஒட்டிவிட்டது, பிரிக்க முடியாது. தேற்றம் கணிதத்துக்கு உரியது. அங்கே நிறுவல் முடிந்தால் முடிந்ததுதான். தத்துவம் என்ற சொல் ‘ஆக்கிமிடீசின் தத்துவம்’ என்று ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, இருக்கட்டும்.

பெயர் வைப்பதில் விஞ்ஞானிகளும் உத்தமர்கள் அல்லர். அடிப்படைத் துகள்கள் எல்லாம் நுண்ணிய இழைகளின் அதிர்வுகளே என்னும் இழைக் கோட்பாடு என்று ஒன்றைப் பல பத்தாண்டுகளாகப் பேசுகிறார்கள். அதை நேரடியாகச் சோதித்துப் பார்த்த பரிசோதனை இதுவரை ஒன்றுமில்லை. கோட்பாடு இருக்கட்டும், கருதுகோள் என்ற பெயரே அதற்குச் சற்று அதிகம் என்று முணுமுணுக்கும் பௌதிகவியலாளர்கள் இருக்கிறார்கள்.