கோப்பு நீட்டிப்பு: நீண்டது எது?

போன மாதம் களுவாஞ்சிகுடியிலிருந்து மருமகள் போன் எடுத்தாள். "மாமா, விண்ணப்பத்துக்கு நாளைக்குத்தானே கடைசித் திகதி? நீட்டிப்பு ஏற்கப்படவில்லை எண்டு காட்டுது. நான் நீட்டச் சொல்லிக் கேக்கவே இல்லையே!" என்றாள். திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். 'கோப்பு நீட்டிப்பு ஏற்கப்படவில்லை' என்று சிவப்பில் ஒரு வரி. அவள் ஏற்றியது ஐபோனில் எடுத்த எச்.ஈ.ஐ.சி. வகைப் படம். அந்தத் தளத்துக்கு வேண்டியது ஜே.பி.ஜி. கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வருகிற அந்த வகை எழுத்துகளைத்தான் அந்த வரி 'நீட்டிப்பு' என்கிறது. விசயம் அவ்வளவுதான்.

பிள்ளையின் தமிழில் பிழை இல்லை. விண்ணப்பம், கடைசி நாள், நீட்டிப்பு என்று மூன்றும் ஒரே பக்கத்தில் கிடந்தால் யாருக்கும் தவணைதான் நினைவுக்கு வரும். பிழை அந்த வரியை எழுதியவருடையது. இந்த 'நீட்டிப்பை' நான் பார்ப்பது இது எத்தனையாவது தடவை என்று எனக்கே கணக்கில்லை. அதனால் இன்றைக்கு எழுதியே விடுகிறேன்.

இந்த 'நீட்டிப்பு'க்கு ஆங்கில மூலம் 'எக்ஸ்டென்ஷன்', இலத்தீன் வழி வந்த சொல். வெளியே இழுத்தல், நீட்டல் என்பது வேர்ப்பொருள். வேர்க்கதை இவ்வளவு போதும். ஆங்கிலக்காரர் அந்த ஒரு சொல்லைப் பல வேலைக்கு விடுகிறார்கள். நமக்கு அந்தக் கஞ்சத்தனம் தேவையில்லை. தவணையைக் கூட்டினால் நீடிப்பு. கமக்காரரிடம் புது முறைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் விவசாய விரிவாக்கம். வீட்டோடு சேர்த்துக் கட்டினால் பத்தி இறக்குகிறோம். மின்சார வயரை மட்டும் எக்ஸ்டென்ஷன் வயர் என்றே விட்டுவிட்டோம், அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வருகிற அந்த மூன்று நான்கு எழுத்து என்ன வேலை செய்கிறது? 1981இல் வந்த டொஸ் இயங்குதளத்தில் ஒரு கோப்பின் பெயருக்கு எட்டு எழுத்து, வகைக்கு மூன்று எழுத்து. அதற்கு முந்திய சி.பி.எம். என்ற இயங்குதளத்தின் காலத்து வழக்கம் அது. வட்டில் பதியும்போது இரண்டுக்கும் தனித்தனி இடம், மொத்தம் பதினொன்று. நடுவிலுள்ள புள்ளியைப் பதிவதுகூட இல்லை, காட்டும்போது மட்டும் போட்டுக் காட்டும். விண்டோஸ் 95 வந்த பிறகுதான் 255 எழுத்து வரை பெயர் வைக்க விட்டார்கள். ஆக, மூன்று எழுத்துக்கு மேல் ஓர் எழுத்துக்கூட நீளமுடியாமல் இருந்த ஒன்றுக்குத்தான் நாம் நீட்டிப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

சரி, நீண்டது எது? கோப்பு நீளவில்லை, அதே அளவில்தான் கிடக்கிறது. பெயர்தான் நீண்டது என்றால், நீட்டுவது என்பது உள்ளதையே இழுப்பது. கயிறை நீட்டலாம், பேச்சை நீட்டலாம். இங்கே நடப்பது வேறொன்றைக் கொண்டுவந்து ஒட்டுவது.

'நீட்சி' என்பார்கள் சிலர். அந்தச் சொல்லை உலாவியில் சேர்க்கிற சிறு நிரல்களுக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. 'நீட்சியை நிறுவுக' என்று அங்கே எழுதிவிட்டு, 'நீட்சியை மாற்றுக' என்று இங்கேயும் எழுதினால் புதிதாகப் படிக்கிற பிள்ளை எதை நிறுவும், எதை மாற்றும்?

'விரிவாக்கம்' இன்னும் மோசம். தமிழில் ஒரு சுருக்கெழுத்துக்கு விரிவாக்கம் கேட்டால் அதன் முழுப்பெயரைச் சொல்லவேண்டும். ஒரு பயிற்சி வகுப்பில் நானே பார்த்தேன். 'கீழ்க்காணும் கோப்புகளின் விரிவாக்கங்களை எழுதுக' என்று வினா. முன் வாங்கில் இருந்த பொடியன் பி.டி.எஃப். என்பதன் முழுப்பெயரை ஆங்கிலத்தில் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதி வைத்திருந்தான். புள்ளி பூச்சியம். வினாத்தாளை மொழிபெயர்த்தவருக்குத்தான் அந்தப் பூச்சியம் போயிருக்க வேண்டும்.

அகராதியைத் திறக்கிறார்கள், முதல் வரியில் உள்ளதை எடுக்கிறார்கள், 'கோப்பு' என்பதோடு சேர்த்துத் தைக்கிறார்கள், வேலை முடிந்தது. அந்தப் பொருளைக் கையால் தொட்டுப் பார்த்தவர் செய்கிற மொழிபெயர்ப்பு இல்லை இது. 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கம் நடந்தபோது அதில் முன்னின்றவர்களில் ஒருவர் நம்முடைய காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். அறிவியல் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையும் இரண்டும் தேறியவர். இன்றைக்கு ஒன்றுகூட இல்லாமல் இருபது நிமிடத்தில் நூறு சொல் செய்துவிடுகிறார்கள்.

'பின்னொட்டு' பரவாயில்லை, பொருள் பிசகாது. ஆனால் அது எங்கே ஒட்டியிருக்கிறது என்பதை மட்டுந்தான் சொல்கிறது. என் கட்சி 'விகுதி'. கோப்பு விகுதி, அல்லது பெயர் விகுதி. நன்னூல் சொல்கிற பகுபத உறுப்பு ஆறில் பகுதிக்கு அடுத்து வருவது அதுதான். 'வந்தான்' என்ற சொல்லில் 'ஆன்' என்ற ஈற்றைக் கண்டதும் ஆண், ஒருவன், படர்க்கை என்று பிடித்துக்கொள்கிறோம். 'வந்தது' என்றால் அஃறிணை. கோப்பின் வாசலில் நின்று கணினி செய்வதும் அதே வேலை. விகுதியைப் பார்க்கிறது, இது படமா, பாட்டா, கணக்குத்தாளா என்று முடிவெடுக்கிறது, உரிய செயலியைக் கூப்பிடுகிறது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. மருமகள் கெட்டிக்காரி, நான் சொல்ல முந்தியே படத்தின் பெயரில் எச்.ஈ.ஐ.சி.யை அழித்து ஜே.பி.ஜி. என்று எழுதி மறுபடி ஏற்றினாள். தளம் மறுபடியும் தள்ளிவிட்டது. "மாடு வந்தான் எண்டு எழுதினா மாடு ஆம்புளையாகிருமா மனே?" என்று கேட்டேன். சிரித்தாள், பிடித்துக்கொண்டாள். விகுதியைத் திருத்தினால் திணை வழுவும் பால் வழுவும் வரும், பொருள் மாறாது. 'நீட்டிப்பு' என்று சொல்லிக்கொண்டிருந்தால் இதை விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் ஆகும். மறுகா போனிலேயே படத்தை உண்மையான ஜே.பி.ஜி.யாக மாற்றிச் சேமித்து ஏற்றினாள், போனது.

இலக்கணச் சொல்லைக் கணினிக்குள் இழுக்காதே என்று மொழிபெயர்ப்பு நண்பர் ஒருவர் சண்டை பிடிக்கிறார். நிரலில் வருகிற பிழைக்கு 'வழு' என்று நாள்முழுக்க எழுதுகிற மனிசன் அவர்! அது எங்கேயிருந்து வந்ததாம்? இன்னொரு பக்கம் தனித்தமிழ்க்காரர்கள், விகுதி வடசொல், 'ஈறு' என்று சொல் என்கிறார்கள். வடசொல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'உங்கள் ஈறு சரியில்லை' என்று திரையில் வந்தால் சனம் பல் வைத்தியரிடம் போய்விடும்.

விண்டோஸுக்குத் தனக்குத் தெரிந்த விகுதிகளை ஒளித்து வைக்கிற பழக்கமுள்ளது. முதலில் அதைக் காட்டச் சொல்லி அமைப்பை மாற்றிவிடுங்கள். 2000ஆம் ஆண்டு மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய 'ஐ லவ் யூ' கணினிப் புழு இந்த ஒளிப்பை வைத்துத்தான் பிழைத்தது. பெயரில் டொட் டி.எக்ஸ்.டி. என்று வெறும் எழுத்துக் கோப்புப் போல் தெரியும், அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த உண்மையான விகுதி டொட் வி.பி.எஸ்., ஓடக்கூடிய நிரல்.

விகுதியே இல்லாமல் அல்லது தெரியாத விகுதியோடு ஒன்று வந்தால் இரட்டைச் சொடுக்கு வேண்டாம். நோட்பேடுக்குள் திறந்து முதல் வரியை மட்டும் பாருங்கள். மற்றதெல்லாம் குப்பையாகத் தெரியும், பயப்படத் தேவையில்லை. பி.டி.எஃப். என்றால் சதவீதக் குறியோடு அந்தப் பெயரே முதலில் நிற்கும். பி, கே என்ற இரண்டு எழுத்து நின்றால் கோப்புகளைச் சுருக்கிக் கட்டுகிற சிப் பொதி, அதை உருவாக்கிய பில் காட்ஸின் தலைப்பெழுத்து அது. வேர்டின் டொக்எக்ஸ் கோப்பும் உள்ளே சிப்தான் என்பதால் அதற்கும் அதே பி, கே. எம், இசட் என்றால் ஓடுகிற நிரல், தெரியாத ஆள் அனுப்பியிருந்தால் அப்படியே அழியுங்கள்.

கல்முனையில் ஒரு அச்சகத்தில் பழைய குறுந்தட்டு ஒன்று, 2003ஆம் ஆண்டுக் கும்பாபிஷேக மலர். யாரோ புண்ணியவான் உள்ளிருந்த கோப்புகளுக்கெல்லாம் டொட் டொக் என்று பெயர் மாற்றி வைத்திருந்தார். வேர்டில் திறந்தால் பெட்டி பெட்டியாக வந்தது. அட்டைப்படக் கோப்பு மட்டும் தப்பிக் கிடந்தது, டொட் பி65 என்று. பக்கம் வடிவமைக்கிற பழைய மென்பொருள், பேஜ்மேக்கர் 6.5! மற்றவற்றுக்கும் அந்த விகுதியைத் திருப்பிப் போட்டு லிபர்ஒப்பிஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்தேன். 2015இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து அது பேஜ்மேக்கரைப் படிக்கும்.

பக்கம் வந்தது, எழுத்து ஆங்கிலம். ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி.

"இதென்ன பாசை தம்பி?" என்றார் முதலாளி. முழுவதையும் தெரிவுசெய்து, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டுகிற பாமினி எழுத்துருவைப் போட்டேன். அந்த ஐந்தும் 'தமிழ்' என்று திரும்பின.

மனிசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, இத இனி எந்த வால்ல சேமிக்கிற?"

"பி.டி.எஃப். வாலில" என்றேன்.