எந்த நோயை எப்படிக் கண்காணிக்கிறார்கள்: எஸ், பி, எல் படிவங்கள்

இந்தியாவில் 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் மூன்று படிவங்களை நம்பி நடக்கிறது. கிராம சுகாதார செவிலியர் அறிகுறியை மட்டும் வைத்து நிரப்புவது 'எஸ்'. மருத்துவர் பார்த்து, இன்ன நோயாக இருக்கலாம் என்று எழுதுவது 'பி'. ஆய்வகம் உறுதி செய்தது 'எல்'. 2021 ஏப்ரல் முதல் புதிய இணையத் தளம் வந்து, வாரக் கணக்காக இருந்தது அன்றாடப் பதிவாகிவிட்டது.

நோய் கண்டவர்களில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற இறப்பு விகிதத்தில் குழப்பம் வருவது இந்தப் படிவங்களைக் கலக்கும்போதுதான். ஒரு மாவட்டத்தில் 'பி'-யில் 400 பேர், 'எல்'-இல் 50 பேர், அந்த 50 பேரில் இறப்பு 2 என்று வையுங்கள். முதல் கணக்கில் 0.5 சதவீதம், இரண்டாவதில் 4. இரண்டுமே சரி. ஆனால் ஒரு நோய்க்கு 'பி'-யையும் இன்னொன்றுக்கு 'எல்'-ஐயும் எடுத்து ஒப்பிட்டால் அது கணக்கே இல்லை.

காலமும் ஏமாற்றும். 2003-இல் சார்ஸ் என்ற சுவாச நோய் பரவியபோது உலக சுகாதார நிறுவனம் முதலில் சொன்னது சுமார் 4 சதவீதம். மே மாதத்தில் 14-15. எல்லாம் முடிந்தபின் 8,098 பேரில் 774 இறப்பு, அதாவது 9.6. தொடக்கத்தில் எண்ணப்பட்டவர்களில் பலர் அப்போதும் படுக்கையில் இருந்தார்கள். முடிவு தெரியாதவர்களைப் பிழைத்தவர்களாக எண்ணினால் விகிதம் குறைவாகத்தான் தெரியும்.

சரி, அதிகம் கொல்லும் நோயைத்தான் அதிகம் கண்காணிக்க வேண்டுமா? இல்லை. ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) அறிகுறி தெரிந்தபின் பிழைப்பவர் அநேகமாக இல்லை. அப்போது எண்ணி என்ன பயன்? அதனால்தான் நாய்க்கடியையே 'பி' படிவத்தில் எண்ணுகிறார்கள். தடுப்பூசி இருப்பைத் திட்டமிட அந்த எண்தான் உதவும். போலியோ நேர்மாறு. தொற்றிய சுமார் 200 பேரில் ஒருவருக்கே நிரந்தர வாதம் வரும். ஒரு குழந்தைக்கு வாதம் என்றால் சுற்றிலும் ஏற்கெனவே பரவிவிட்டது என்று பொருள். ஆகவே 15 வயதுக்குட்பட்ட யாருக்காவது கை கால் திடீரெனத் துவண்டால் அந்த ஒருவரே போதும், விசாரணை தொடங்கும். 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள், வாதம் கண்ட 14 நாளுக்குள். தாமதித்தால் வைரஸ் சிக்காமல் போகும்.

களத்தில் அடிக்கடி நடக்கும் தவறுகள் இரண்டு. நோயாளி இல்லாத நாளில் படிவத்தை வெறுமையாக விடுவது ஒன்று. பூஜ்யம் என்று எழுதாவிட்டால் நோய் இல்லையா, அறிக்கையே வரவில்லையா என்று மேலே உள்ளவர்களுக்குத் தெரியாது. இன்னொன்று, சிகிச்சை பெற்ற ஊரையே முகவரியாகப் போடுவது. பெரிய மருத்துவமனை உள்ள மாவட்டத்தில் இறப்பு குவியும். கொசு மருந்து அடிக்க வேண்டிய கிராமம் பட்டியலிலேயே இருக்காது.